முகமூடியைக் கொடுத்தாளா?

சென்ற மாரியில், என்னிடம் தமிழ் படித்த மாணவி ஒருத்தி ஒரு கொப்பியைக் கொண்டுவந்து தந்தாள். உள்ளே இருந்தது காதற்கதை. அதுவும் அமெரிக்கச் சித்திரக்கதை வீரனான ஸ்பைடர்மானின் காதற்கதை. பிறர் படைத்த பாத்திரங்களை எடுத்து, தாம் விரும்பிய வேறொரு வாழ்வை அவர்களுக்கு எழுதிக் கொடுப்பது இன்றைய இளைஞரிடையே ஒரு பெரும் பழக்கம். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நாற்பது வருடம் ஆசிரியனாக இருந்தவனுக்கு வரக்கூடிய, அவ்வளவு அழகில்லாத ஒரு சிரிப்பு.

மூலக்கதையை அவளே எனக்கு விளக்கினாள். பீற்றர் பார்க்கர் என்ற இளைஞன்தான் முகமூடிக்குள் இருக்கும் ஸ்பைடர்மான். அவன் காதலிக்கும் குவென் ஸ்ரேசிக்கு அது தெரியாது. 1970 இல் வெளிவந்த இதழொன்றில், அவளுடைய தந்தையான ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி, வீரனுக்கும் டொக்டர் ஒக்ரோபஸுக்கும் நடந்த சண்டையின்போது சரிந்து விழுந்த இடிபாட்டிலிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றித் தாம் மாண்டுபோகிறார். முகமூடிக்குள் இருப்பவன் யார் என்பதை அவர் அறிந்திருந்தார். சாகும்போது மகளை அவனிடமே ஒப்படைக்கிறார். மகளோ தந்தையைக் கொன்றவன் ஸ்பைடர்மானே என்று நம்புகிறாள். காதலிக்கும் கையும் வெறுக்கும் கையும் ஒன்றே. இதைவிடக் கூர்மையான ஒரு முரண்பாட்டை நம் நாவலாசிரியர் பலர் கனவிலும் கண்டதில்லை.

ஆயினும் கதையை நடத்தியவர்கள் அந்த முரண்பாட்டை முடிவுவரை கொண்டுசெல்லவில்லை. 1973 இல், ஜெரி கொன்வே எழுதி கில் கேன் வரைந்த 121 ஆம் இதழில், கிறீன் கொப்ளின் என்ற பகைவன் குவெனைப் பாலத்திலிருந்து தள்ளிவிடுகிறான். வீரன் வலையை வீசிப் பிடிக்கிறான். பிடித்த வேகமே அவளுடைய கழுத்தை முறித்தது என்பதைக் கழுத்தருகே சிறு எழுத்தில் எழுதப்பட்ட ஓர் ஒலி காட்டிவிடுகிறது. அவனோ காப்பாற்றிவிட்டேன் என்று பெருமிதத்துடன் அவளை மேலே இழுக்கிறான். வாசகனுக்குத் தெரிந்தது வீரனுக்குத் தெரியாத அந்தச் சில கட்டங்களில் நெஞ்சு எப்படிப் பதைக்கிறது என்பதை இன்றும் பார்க்கலாம். நான் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால், தந்தையைப் பற்றி அவளுக்குச் சொல்லவேண்டிய உண்மை சொல்லப்படாமலே போயிற்று.

இதற்கு வியாபாரமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. மாதந்தோறும் விற்கவேண்டிய சரக்குக்கு முடிவு ஆகாது. 1987 இல் அதே வீரனுக்கு மேரி ஜேன் என்ற பெண்ணை மணம் செய்துவைத்தார்கள். 2007 இல் ஒரு பேயுடன் செய்த ஒப்பந்தத்தின் மூலம் அந்த மணமே நடக்காததாக ஆக்கினார்கள். இருபது வருடக் குடித்தனம் ஒரு பேரத்தில் போயிற்று! விற்பனைக்கு அல்லாமல் எழுதுகிற வாசகர்தாம் இக்கதைகளுக்கு முடிவெழுதத் துணிகிறார்கள்.

என் மாணவியின் கதையில் குவென் பாலத்தில் சாகவில்லை. பிழைத்துக்கொள்கிறாள், அதன்பின் பீற்றர் முகமூடியைக் கழற்றி மேசையில் வைத்து உண்மையைச் சொல்கிறான். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன். அடுத்த அரைப்பக்கத்தில் அவள் அழுகிறாள், மன்னிக்கிறாள், தழுவுகிறாள். கட்டியெழுப்பியதெல்லாம் அந்த அரைப்பக்கத்தில் கரைந்தது.

நான் ஓர் ஆலோசனை சொன்னேன். வெளியே அபாயச் சங்கு ஒலிக்கட்டும். மக்களுக்கு அவன் தேவை. குவென் தன் துயரத்தை அடக்கிக்கொண்டு அவனைப் பெருமையுடன் வழியனுப்பட்டும் என்றேன். காதலைவிடப் பெரிய கடமை உண்டென்று காட்டலாமல்லவா?

அவள் கொப்பியை மூடினாள்.

“குவெனை ஒருத்தரும் கேக்கேல்லையே, சேர்?”

பிறகு ஒரு திரைப்படத்தைச் சொன்னாள். 1980 இல் வந்த இரண்டாவது சுப்பர்மான் படத்தில், லோயிஸுக்கு அவனுடைய இரகசியம் தெரிந்துவிடுகிறது. அந்த அறிவின் பாரம் அவளை வாட்டுகிறது. முடிவில் அவன் ஒரு முத்தத்தால் அவளுடைய நினைவையே அழித்துவிடுகிறான். சிக்கல் தீர்ந்தது, ஆனால், சிக்கலில் பாதி அவளுடையது என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. “நீங்கள் சொன்னதும் அதுதான், சேர். அவன் அவளை மறக்கவைக்கிறான். நீங்கள் அவளைப் பெருமைப்பட வைக்கிறியள்.”

இரண்டு கிழமை கழித்து அவள் புதிய முடிவுடன் வந்தாள். குவென் அழவில்லை. அப்பா விழுந்தபோது நீ எந்தப் பக்கத்தில் நின்றாய் என்று மட்டும் கேட்கிறாள். அவன் சொல்லத் தொடங்குகிறான். குழந்தை, கற்கள், புழுதி. அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தைக்கு அவன் வரும்போது சங்கு ஒலிக்கிறது. அந்தச் சங்கை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து கையை நீட்டுகிறான். முகமூடி இப்போது மேசையில் இல்லை. அவள் கையில் இருக்கிறது. அத்துடன் கதை முடிகிறது.

அன்றிரவு கொப்பியை மனைவியிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விளக்கடியில் இருந்து படித்தாள். அவள் படிக்கும்போது, ஏனோ, எங்கள் வீட்டின் பழைய மாலைகள் நினைவுக்கு வந்தன. சங்கத்தின் செயலாளனாக நான் இருந்த வருடங்கள் அவை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, தேநீரைக் குடித்து, சைக்கிளை எடுத்தால் நான் திரும்புவது நடுச்சாமம். மூத்தவன் காய்ச்சலில் கிடந்த வாரத்திலும் அப்படித்தான். அவள் ஒருநாளும் தடுத்ததில்லை என்று மேடையில்கூடச் சொல்லியிருக்கிறேன், கைதட்டினார்கள்.

“குடுத்தாளா?” என்று கேட்டாள்.

“எழுதேல்லை.”

கொப்பியை மடியில் வைத்தபடி கொஞ்சநேரம் இருந்தாள்.

“கூட்டத்துக்குப் போற நாளிலை சைக்கிள் திறப்பைக் காணேல்லையெண்டு தேடுவியளே. அது ஒருநாளும் தானாய்த் துலையேல்லை.”

நான் எத்தனையோ முறை தேடியிருக்கிறேன். அலுமாரியின் மேலே, சட்டைப்பைகளில், அரிசிப் பானையடியில். ஒவ்வொரு முறையும் அவளேதான் கண்டெடுத்துத் தந்தாள்.

மறுநாள் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தபோது, இரண்டு இடங்களில் ஒற்றுப்பிழையை மட்டும் திருத்தியிருந்தேன். கடைசிப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.