தாத்தாவுக்கு எதுக்குப்பா எக்ஸ்ட்ரா பாஸ்?

சென்னையிலிருந்து அரக்கோணம் லோக்கலில் ஏறினால் திருவள்ளூருக்கு அப்புறம் ஏகாட்டூர், கடம்பத்தூர், செஞ்சி பனம்பாக்கம், அதற்கடுத்தது மணவூர். அதற்கும் அடுத்த ஸ்டேஷனான திருவாலங்காடு என்றால் பலருக்குத் தெரியும். ரத்தின சபை இருக்கிற ஊர், சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். மணவூர் என்றால் "அது எங்கப்பா இருக்கு?" என்பார்கள். அந்த மணவூரில், தண்டவாளத்தை ஒட்டிய தெருவில் ஒரு ஓட்டு வீடு. அங்கே ஒரு தாத்தா, அவருடைய மகள், பி.காம் படிக்கிற பேரன். போன வருஷம் பேரன் தாத்தாவுக்கு ஒரு ஒயர்லெஸ் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தான். விலை 1,800 ரூபாய். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த மூன்று மாசக் காசு.

விஷயம் இதுதான். தாத்தாவின் பழைய டிரான்சிஸ்டர் செத்துப் போய்விட்டது. உள்ளே பேட்டரி ஒழுகி, கம்பியெல்லாம் பச்சை பிடித்து, கடைக்காரரே கையை விரித்துவிட்டார். தாத்தாவுக்கு ரேடியோ என்றால் செய்தி. டெல்லியிலிருந்து சரோஜ் நாராயண்சாமி செய்தி வாசித்த காலத்திலிருந்து கேட்கிறவர். (அந்த அம்மா 2022-ல் காலமானபோது இவர் அரை நாள் சாப்பிடவில்லையாம்.) இரண்டு வருஷமாகக் காதும் மந்தம். ரேடியோவும் போய், காதும் போய், சாயங்காலம் ஆனால் திண்ணையில் உட்கார்ந்து போகிற ரயிலை எண்ணிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பையன் ஆன்லைனில் தேட ஆரம்பித்தான்.

பெட்டியின் மேலே என்னென்ன போட்டிருந்தது தெரியுமா? 16 வாட்ஸ். 12 மணி நேர பேட்டரி. தண்ணீர் பட்டாலும் கவலையில்லை, ஐபிஎக்ஸ்7. எக்ஸ்ட்ரா பாஸ். பக்கத்தில் கிரிக்கெட் வீரர் ஒருவர் ஹெட்போனும் மாட்டிக்கொண்டு ஸ்பீக்கரையும் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படிக் கேட்பார் என்பது அவருக்கே வெளிச்சம் :-)

வந்த அன்றைக்குப் போனில் ஆகாசவாணி ஆப் போட்டு, ஸ்பீக்கரை இணைத்து, முழுச் சத்தம் வைத்தான். எதிர் வீட்டு நாய் குரைத்தது. தாத்தா காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டார். அப்புறம் சொன்னார்: "இன்னாடா இது, தொம் தொம்முனு கேக்குது. இன்னா சொல்றான்னே தெரியலயே."

பையன் முகம் சுண்டிப் போனது. அவனுக்கு முதலில் வந்த சந்தேகம், ஏமாந்துவிட்டோமோ என்பதுதான். எல்லோருக்கும் அதுதான் வரும். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது.

தொண்ணூறுகளில் வந்த டேப் ரெக்கார்டர், கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஞாபகம் இருக்கிறவர்களுக்கு 'பிஎம்பிஓ' என்ற சொல் ஞாபகம் இருக்கும். பளபள ஸ்டிக்கரில் ஆயிரம் வாட்ஸ், இரண்டாயிரம் வாட்ஸ் என்று போட்டிருப்பார்கள். பின்னால் திருப்பினால் அடாப்டர் கொடுப்பதே பத்து, பதினைந்து வாட்ஸ்தான். கண் இமைக்கிற நேரத்தில் ஒரு துளிக்கு எவ்வளவு பாயலாம் என்று அவரவர் இஷ்டத்துக்குப் போட்ட கணக்கு அது; அதை அளக்க ஒரு பொது முறையே கிடையாது. அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபயர் விற்பவர்கள் இப்படி அளந்துவிட்டதால்தான் 1974-லேயே ஃபெடரல் டிரேட் கமிஷன் ஒரு விதி கொண்டுவந்தது. தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்ஸைச் சொல்லு, எந்த நிலையில் அளந்தாய் என்றும் சொல்லு என்று. அந்த விதியை 2024-ல் மறுபடி திருத்தி இறுக்க வேண்டி வந்தது. ஐம்பது வருஷம் ஆகியும் வாட்ஸ் ஆசை விட்டபாடில்லை.

இப்போது பிஎம்பிஓ ஸ்டிக்கர் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. அதற்குப் பதில் வந்திருப்பது இன்னும் நாகரிகமான விஷயம். பையனின் ஸ்பீக்கரில் இருந்த பேட்டரி 2000 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட். பெருக்கினால் 7.4 வாட்-மணி. மொத்தக் கையிருப்பே இவ்வளவுதான். இதை 16 வாட்ஸில் செலவழித்தால் அரை மணி நேரம்கூட வராது. சரி, 12 மணி நேரம் ஓட வேண்டும் என்றால்? 7.4-ஐ 12-ஆல் வகுத்தால் சராசரி 0.6 வாட். அதாவது 16 வாட்ஸ் என்பது பொய்யில்லை, 12 மணி நேரம் என்பதும் பொய்யில்லை. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து நடக்காது, அவ்வளவுதான். ஒரே ஆயிரம் ரூபாயை வாடகைக்கும் ஒதுக்கி மளிகைக்கும் ஒதுக்கிக் காட்டுகிற பட்ஜெட் மாதிரி. காமர்ஸ் படிக்கிறவனுக்கு இது புரியாமல் போகுமா? புரிந்தது, ஆனால் வாங்கின பிறகு.

நியாயமாக இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். பாட்டு என்பது எப்போதும் உச்சத்தில் ஓடுவதில்லை. தபலா அடிக்கும் அந்தக் கணம்தான் வாட்ஸைக் கேட்கும். மற்ற நேரத்தில் சராசரி மிகக் குறைவு. அதனால் முழுச் சத்தத்திலும் அரை மணியில் நிற்காது. பையன் நோட்டில் எழுதி வைத்துப் பார்த்தான். பாதிச் சத்தத்தில் கிட்டத்தட்ட பதினொரு மணி நேரம் வந்தது. முழுச் சத்தத்தில் மூன்றரை. பெட்டியின் அடியில் கடுகு சைஸ் எழுத்தில் '50 சதவீத வால்யூமில்' என்று போட்டிருந்ததை அதற்கப்புறம்தான் பார்த்தான். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிற, காது மந்தமான மனுஷன் 50 சதவீதத்தில் எதைக் கேட்பார்?

இன்னொரு கணக்கும் உண்டு. வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல் கூடும். காதுக்கு "கொஞ்சம் தேவலை" என்று தோன்றும், அவ்வளவே. இரண்டு மடங்கு சத்தம் மாதிரித் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். 10 வாட்ஸ் ஸ்பீக்கருக்கும் 16 வாட்ஸ் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைவிட, ஸ்பீக்கரை இரண்டு அடி தள்ளி வைப்பதில் இருக்கிற வித்தியாசம் அதிகம். இதைச் சொல்லித்தர எந்தக் கிரிக்கெட் வீரரும் வர மாட்டார்.

ஐபிஎக்ஸ்7 பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். கடல் தண்ணீருக்கோ சோப்புத் தண்ணீருக்கோ அந்தச் சோதனை செய்வதில்லை. நடுவில் இருக்கிற எக்ஸ் என்றால் தூசிக்குச் சோதனை மதிப்பெண் எதுவும் போடவில்லை என்று பொருள். மணவூர் வீட்டில் தண்ணீரைவிடத் தூசிதான் எதிரி. அப்புறம் ப்ளூடூத் எட்டும் தூரம். பத்து மீட்டர் என்பது நடுவில் ஒன்றும் இல்லாத இடத்தில். இரண்டு செங்கல் சுவர் குறுக்கே வந்தால் சமையல்கட்டுக்குப் போன் போனவுடன் செய்தி விக்கி விக்கி வரும்.

இப்போது எக்ஸ்ட்ரா பாஸுக்கு வருவோம். தாத்தா சொன்ன 'தொம் தொம்' அதுதான். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் கனத்த சத்தம் வரவைப்பது நிஜமாகவே பெரிய வேலை. பாஸ் வேண்டுமென்றால் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். சின்னக் கூம்பால் முடியாது. அதனால் மின்சாரம் இல்லாமலே அதிர்கிற ஒரு தகட்டைப் பக்கவாட்டில் வைத்து, உள்ளே ஒரு சில்லு வைத்து, கீழ்ச்சத்தத்தை ஊதிப் பெரிசாக்குகிறார்கள். 2010-ல் ஜாபோன் கம்பெனி ஜாம்பாக்ஸ் என்று ஒரு குட்டி ஸ்பீக்கரை 199 டாலருக்கு விட்டபோது உலகம் வாயைப் பிளந்தது, இத்தனூண்டு டப்பாவிலிருந்து இவ்வளவா என்று. (அந்தக் கம்பெனி 2017-ல் மூடப்பட்டது, அது வேறு கதை.) இன்றைக்கு 1,800 ரூபாய்க்கு அதே வித்தை கிடைக்கிறது. அதில் குறை சொல்ல முடியாது. குத்துப்பாட்டு போட்டால் நெஞ்சில் அடிக்கிறது. விளம்பரம் சொன்னது நடக்கிறது.

ஆனால் வயதாகும்போது காது எப்படிப் போகிறது தெரியுமா? முதலில் போவது மேல்ச்சத்தம், அதாவது கீச்சென்ற பக்கம். கீழ்ச்சத்தம் ரொம்ப நாள் நன்றாகவே கேட்கும். பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் கீழ்ப்பக்கத்தில் இருக்கிறது. க, ச, ட, த, ப என்று வார்த்தையை வார்த்தையாக்குகிற மெய்கள் மேல்ப்பக்கத்தில். அது போய்விட்டால் பட்டு, கட்டு, தட்டு, சட்டு எல்லாம் ஒன்றுதான். ஒரு 'அ'வும் ஒரு 'உ'வும் மட்டும் காதில் விழும். அதனால்தான் வயதானவர்கள் "கேக்குது, ஆனா புரியல" என்கிறார்கள். நாம் எரிச்சலில் இன்னும் கத்துகிறோம், அவர்கள் "ஏன் கத்துற?" என்று கோபிக்கிறார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

இப்படிப்பட்ட காதுக்கு எக்ஸ்ட்ரா பாஸ் என்பது, ஏற்கெனவே கேட்கிற பாதியை இன்னும் ஊதி, கேட்காத பாதியை அதற்கடியில் புதைப்பது. செத்துப்போன டிரான்சிஸ்டரில் ஒரே ஒரு காகிதக் கூம்பு. அதற்குப் பாஸும் வராது, பெரிய நுணுக்கமும் வராது. நடுச்சத்தம் மட்டும், மனுஷக் குரல் இருக்கிற இடம் மட்டும், கணீரென்று வரும். தெரிந்தோ தெரியாமலோ தாத்தாவுக்குத் தைத்த சட்டை அது.

ஆக ஸ்பீக்கர் சொன்னதைச் செய்தது. அந்த வீட்டுக்கு வேண்டியதைச் செய்யவில்லை. இதற்கு யார் மேல் கேஸ் போடுவது? சட்டம் இல்லாமல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைந்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அது அபராதம் போடலாம். விளம்பரத்தில் சிரிக்கிறவர் மேலும் போடலாம். 2022-ல் வந்த வழிகாட்டு விதிகள், விளம்பரத்தின் அடிக்குறிப்பு படிக்கும்படி இருக்க வேண்டும், மேலே சொன்ன பெரிய வாக்கியத்துக்கு முரணாக இருக்கக் கூடாது என்கின்றன. அந்தக் கடுகு எழுத்து 50 சதவீதத்தை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். எண்ணைக் குறைத்துச் சொல்லி விற்பவர்களும் உண்டு. ஜேபிஎல்லின் கோ 3 என்ற குட்டி ஸ்பீக்கர் 4.2 வாட்ஸ், 5 மணி நேரம் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. கடையில் 16, 12 என்று போட்ட பெட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்தால் யார் எடுப்பார்கள்? விளம்பரக்காரர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. பெரிய எண்ணுக்குக் கை நீட்டுகிறவர்கள் நாம்தான்.

பையனின் அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார். "இந்தக் காசுக்கு முதல்ல காது டாக்டராண்ட கூட்டினு போயிருக்கலாம்ல?" அவனுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பதில் இல்லாத கேள்வி ஆயிற்றே.

அடுத்த நாள் ஸ்பீக்கரோடு வந்த ஆப்பைத் திறந்து ஈக்வலைசரில் பாஸைக் கடைசி வரைக்கும் இறக்கினான், மேல்ச்சத்தத்தை ஏற்றினான். அவனுக்கே கேட்க நாராசமாக இருந்தது, தகர டப்பாவில் பேசுகிற மாதிரி. மூலையில் தரையில் இருந்ததை எடுத்து (மூலையில் வைத்தால் பாஸ் இன்னும் கூடும், சுவர் இரண்டும் சேர்ந்து தள்ளும்) கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, தாத்தாவின் காது உயரத்துக்கு, கையெட்டும் தூரத்தில் வைத்தான். சத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தான். செய்தி ஆரம்பித்தது. தாத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "பூண்டி ஏரில தண்ணி தொறக்கறானாம்டா" என்றார்.

முழுசாகப் புரிகிறது என்று சொல்ல முடியாது. நாலு வார்த்தைக்கு ஒன்று போகத்தான் செய்கிறது. திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் காதுப் பிரிவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை போவதாக அம்மா முடிவு செய்துவிட்டார். "எனக்கு இன்னாத்துக்கு மிஷினு" என்று தாத்தா இரண்டு நாளாக முனகிக்கொண்டிருக்கிறார். அதுவரைக்கும் ஸ்டூல் மேல் ஸ்பீக்கர் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் ஏதாவது கடக்கும்போது மட்டும் கையைத் தூக்கிக் காட்டுவார். பையன் போனில் நிறுத்தி, ரயில் போனதும் மறுபடி போடுவான்.