ஊழியும் பாறைக்குழியும்

ஆயுத பூஜை. பனியன் கம்பெனியில் ஐயர் சங்கல்பம் சொல்கிறார். சுவேத வராக கல்பத்தில் தொடங்கி, வைவஸ்வத மன்வந்தரம், 28-ஆவது சதுர்யுகம், கலியுகம் என்று இறங்கி அன்றைய திதிக்கு வந்து சேர்கிறார். பக்கத்தில் ஓனர் ஃபோனில் ஷிப்மென்ட் தேதிக்கு மன்றாடிக்கொண்டிருக்கிறார்.

*

கணக்கு: கலியுகம் 4,32,000 ஆண்டு. நாலு யுகமும் சேர்த்து 43,20,000. அது ஆயிரம் தடவை சுற்றினால் ஒரு கல்பம், 432 கோடி. பூமியின் வயது சுமார் 454 கோடி என்பதால் 'அன்றே சொன்னார்கள்' என்று வாட்ஸ்அப்பில் வரும். தற்செயல்தான்.

*

இப்படிப்பட்ட நெடுங்காலத்துக்குத் தமிழில் ஊழி. பரிபாடலின் இரண்டாம் பாட்டில் கீரந்தையார் நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று ஊழிகளை எண்ணுகிறார். எல்லாம் பேரெண்களின் பெயர்கள். பேச்சில் ஊழி போய்விட்டது. யுகம் நிற்கிறது: "உங்களப் பார்த்து ஒரு யுகமாச்சுங்க." விசாரித்தால் போன தீபாவளிக்குப் பார்த்திருப்பார்.

*

பௌத்த நூலான சம்யுத்த நிகாயத்தில் புத்தர் கல்பத்துக்கு எண்ணே சொல்வதில்லை. நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு யோசனை தூரம். வெடிப்பில்லாத ஒரே பாறை. நூறு வருஷத்துக்கு ஒருமுறை ஒருவன் வந்து காசித் துணியால் ஒரு தடவு தடவிவிட்டுப் போகிறான். பாறை தேய்ந்து தீர்ந்தாலும் கல்பம் தீராதாம். துணியும் பாறையும்! திருப்பூர்க்காரனுக்கு இதற்கு உரை வேண்டாம்.

*

திருப்பூரின் நெருப்பெரிச்சல் பாறையைத் துணி தேய்க்கவில்லை. கொங்குப் பாறைகளில் பெரும்பகுதிக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. குழி போட்டு, வெடிமருந்து வைத்து, ஜல்லியாக்கி லாரி ஏற்றுவதற்கு ஊழியெல்லாம் தேவைப்படவில்லை. மிஞ்சிய பாறைக்குழிகளுக்கு மாநகரத்தின் குப்பை வந்தது. பனியன் கட்டிங் வேஸ்ட் காசாகிவிடும், அது வராது. பாலிபேக்கும் சோற்று மிச்சமும் பிரிக்காமல் ஒன்றாக வந்து விழுந்தன. மழையில் ஊறும் கறுப்புத் தண்ணி போர்வெல் வரைக்கும் இறங்கிவிடும் என்றுதான் 2025-ல் ஊர்க்காரர்கள் போராடினார்கள். நியாயமான பயம். கெட்டிப் பாறையில் நிலத்தடி நீர் நடமாடுவதே வெடிப்புகள் வழியாகத்தான்.

*

குழி நிரம்பினால் அடுத்த குழி என்பது திட்டம் ஆகாது. நாம் வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுப்போம். பிரிக்காததை மாநகராட்சி குழியில் தள்ளாமல் இருக்கட்டும்.