போதல் என்னும் வினைக்கு மூன்று வேர்கள்

நாற்பது வயதைக் கடந்த பின்னர் பிரெஞ்சு மொழி கற்கும் ஆவல் நம்மைப் பற்றிக்கொண்டது. மாலை வகுப்பொன்றில், நம் மாணாக்கர் வயதினரோடு ஒரே விசிப்பலகையில் அமர்ந்தோம். போதலைக் குறிக்கும் 'அலே' என்னும் வினையில் இடறி வீழ்ந்தோம். 'போகிறேன்' என்பதற்கு 'வே'; 'போகிறோம்' என்பதற்கு 'அலோன்'; 'போவேன்' என்பதற்கு 'இரே'. ஒரு வினைக்கு மூன்று முகங்களா? காரணம் வினவினோம். "இவை ஒழுங்கற்ற வினைகள், மனப்பாடம் செய்க" என்பதே விடை. அம்மாதத் தேர்வில் நம் தாளில் சிவப்பு மையே மிகுந்திருந்தது. பல்லாண்டு பிறர் தாளைத் திருத்திய கைக்கு அது பெருநாணம்.

காரணம் நூலகத்தில் கிடைத்தது. பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம் முதலியன இலத்தீனின் வழிவந்தவை. அதுவும் புலவர் எழுதிய இலத்தீனன்று, சந்தையிலும் பாசறையிலும் மக்கள் பேசிய இலத்தீன். அதில் போதலைக் குறித்த 'ஈரே' என்னும் வினையின் வடிவங்கள் பல ஓரசையாய்ச் சிறுத்துக் காதில் நில்லாமற் போயின. அவ்விடங்களை வேறு வினைகள் நிரப்பின. 'வே' என்பது 'வாதெரே' என்னும் வினையின் வழி வந்தது. 'இரே' பழைய 'ஈரே'யின் எச்சம். 'அலோன்' நடத்தலைக் குறித்த 'அம்புலாரே'யின் சிதைவென்பர் பலர்; அவ்வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஸ்பானியமோ ஒருபடி மேலே சென்றுவிட்டது. அங்கே 'ஃபுய்' என்பது 'போனேன்' என்றும் பொருள்படும். 'இருந்தேன்' என்றும் பொருள்படும்!

இதனினும் நம்மை வியப்பில் ஆழ்த்தியது பிறிதொன்று. ஒழுங்கே ஒழுங்கின்மையைப் பெற்றெடுக்கின்றது. இலத்தீனில் அழுத்தம் பெற்ற குற்றொகரம் ஸ்பானியத்தில் 'உவெ' எனத் திரிந்தது. அழுத்தம் பெறாதவிடத்து ஒகரமாகவே நின்றது. ஆகவே 'என்னால் இயலும்' என்பது 'புவெதோ'. அழுத்தம் அடுத்த அசைக்குப் பெயர்ந்த 'எம்மால் இயலும்' என்பது 'பொதேமோஸ்'. ஒலிவிதி தன் கடமையைச் செய்தது, பிளவுபட்டதோ வினைப்பகுதி! பின்னர் மக்கள் ஒப்புமையால் சிலவற்றைச் செப்பனிட்டனர். பழைய பிரெஞ்சில் 'அமோன்' என வழங்கிய 'நேசிக்கிறோம்', 'நேசிக்கிறான்' என்பதன் 'எம்' ஒலியைத் தழுவி 'எமோன்' ஆயிற்று. நாள்தோறும் நாவில் புரளும் வினைகளோ இச்செப்பத்திற்கு எளிதில் இணங்குவதில்லை. குழந்தை அவற்றை ஓயாது கேட்டு அவ்வாறே பற்றிக்கொள்கின்றது.

எதிர்காலத்தின் கதையும் சுவையானதே. 'பாட உடையேன்' என்னும் பொருள்பட வழங்கிய இரு சொற்கள் ஒட்டி, 'பாடுவேன்' என்னும் ஒரு சொல்லாயின. 842இல் எழுந்த ஸ்திராஸ்பூர் உறுதிமொழியிலேயே 'சல்வராய்', அதாவது 'காப்பேன்', என்னும் இவ்வடிவம் காணப்படுகின்றது. இன்று ஒழுங்கான வினை ஒவ்வொன்றின் எதிர்கால விகுதியிலும் ஓர் ஒழுங்கற்ற வினை ஒளிந்திருக்கின்றது!

நம்மருகே அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர், நம்மைப் போன்றே தேர்வில் தவறி, வகுப்பை விட்டு நீங்க எண்ணியிருந்தார். மேற்படிப்புக்கு அச்சான்றிதழ் அவருக்கு இன்றியமையாதது. தேநீர்க்கடையில் அவரை இருத்தி, இவ்வளவும் எடுத்துரைத்தோம். பொறுமையுடன் கேட்டவர், "ஐயா, இவற்றைத் தேர்வில் கேட்பார்களா?" என்றார். "கேட்கமாட்டார்கள்" என்றோம். சிரித்துவிட்டார். ஆயினும் மறுவாரம் வந்தார்; அவருடைய ஏட்டில் 'அலே' வினை மூன்று வண்ண மைகளில் எழுதப்பட்டிருந்தது.