கணக்கில் வராத காற்று

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியில் புத்தூர், ஆவரங்கால் ஆகிய ஊர்களைத் தாண்டியதும் வல்லை வெளி விரிகின்றது. இருமருங்கும் உவர்நிலம், காற்றைத் தடுக்க வீடுமில்லை, மரமுமில்லை. அந்த வெளியில் எனது பழைய மொறிஸ் மைனர் கார் இளங்குதிரைபோல ஓடும். ஆனால் நெல்லியடிச் சந்தியில் ஒரு பேருந்துக்கு வழிவிட்டு நிறுத்திவிட்டால் அதற்குக் குளிர்காய்ச்சல் பிடித்துவிடும். எஞ்சின் நடுங்கும், இருமும், பின்னர் அடங்கிவிடும்.

இந்தக் கார் என் தந்தையார் விட்டுச்சென்றது. 1990இல் மீண்டும் மூண்ட போரின்போது குடாநாட்டுக்குப் பெற்றோல் தடுக்கப்பட்டிருந்த ஆண்டுகளில், சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களுள் இதுவும் ஒன்று. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குச் சுமந்த வண்டியை விற்க மனம் வரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் அது மீண்டும் தொடங்கிற்று. இவ்விரு காலத்திலும் வேறொரு கார் வாங்க ஆசிரியனொருவனின் சம்பளம் இடந்தரவில்லை என்பதை ஆசிரிய நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நோய் இன்னதென்று அறியாமலே நான் வைத்தியம் செய்தேன். திருகாணியொன்றைத் திருகி, நின்ற நிலையிலும் எஞ்சின் விரைந்து சுழலுமாறு செய்தேன். காபரேற்றரின் அடியிலுள்ள நட்டைத் திருப்பிப் பெற்றோல் கூடுதலாகப் பாயச் செய்தேன். காபரேற்றரை எஞ்சினோடு பிணைக்கும் இரண்டு நட்டுகளையும் கைவலிக்க இறுக்கினேன். சில நாட்கள் கார் ஒழுங்காக நின்றது. பெற்றோல் செலவு கூடிற்று. இரண்டு கிழமைக்குள் நடுக்கம் முன்னையிலும் கடுமையாகத் திரும்பி வந்தது.

எஞ்சின் மூச்சுவிடும் ஒரு பொறி. சிலிண்டருக்குள் பிஸ்ரன் கீழிறங்கும்போது வெற்றிடம் உண்டாகின்றது. அந்த வெற்றிடமே வெளிக்காற்றை உள்ளே இழுக்கின்றது. காற்று காபரேற்றர் வழியாக வரும்போது அதற்கேற்ற பெற்றோலையும் உடன் கொண்டு வருகின்றது. நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று என்பது கணக்கு. இந்த வழியில் எங்கேனும் ஒரு வெடிப்போ, தேய்ந்த குழாயோ, பொருந்தாத மூட்டோ இருந்தால், அதனூடாகவும் காற்று நுழைந்துவிடும். அது காபரேற்றரின் கணக்கில் வராத காற்று. தனக்குரிய பெற்றோலைக் கொண்டுவராத காற்று. கலவை நலிவடைந்து எஞ்சின் தடுமாறுகின்றது. அப்படியே நெடுநாள் ஓட்டினால் சூடு மிகுந்து வால்வுகளும் கருகக்கூடும்.

இதில் நம்மை ஏமாற்றும் செய்தி ஒன்றுண்டு. வேகமாக ஓடும்போது காற்றுக் கதவு அகலத் திறந்திருக்கின்றது; உள்ளே வரும் பெருங்காற்றின் நடுவே ஒழுக்குக் காற்று சொற்பமாகிவிடும். வெற்றிடத்தின் இழுவையும் அப்போது குறைந்துவிடும். எஞ்சின் நின்ற நிலையில் ஓடும்போதோ கதவு ஏறக்குறைய மூடிக்கிடக்கும். நல்ல எஞ்சினில் அப்போது உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்திலும் 18 முதல் 20 அங்குலப் பாதரச அளவு தாழ்ந்திருக்கும். அந்த வேளையிற்றான் சிறு ஓட்டையும் பெரும் ஓட்டையாகின்றது. விரைந்து ஓடும் காரைக் கண்டு எஞ்சின் நலமென்று சொல்பவன் ஏமாந்து போவான்.

சென்ற ஆவணியில் ஒருநாள் நெல்லியடிச் சந்தியில் கார் முற்றாக அடங்கிவிட்டது. சாவியைத் திருகித் திருகிக் களைத்திருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நியூற்றலில விடுங்கோ சேர், தள்ளுறன்."

கிறீஸ் படிந்த சட்டையுடன் நின்ற இளைஞனை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கராஜ் வாசலில் காரை நிறுத்திவிட்டு அவன் நிமிர்ந்தபோது தெரிந்துகொண்டேன். என் வகுப்பின் கடைசி வாங்கில் இருந்தவன்.

நான் என் வைத்தியங்களை எடுத்துரைக்கத் தொடங்கினேன். அவன் பணிவாகக் கைகாட்டி என்னை நிறுத்தினான். எஞ்சினை இயக்கி, ஒரு முழ நீள இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சினின் ஒவ்வொரு மூட்டருகிலும் மெல்ல நகர்த்தினான். வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோல அவன் கேட்டான். காபரேற்றர் பொருந்தும் இடத்தில் அவன் கை நின்றது. தூரிகையில் சிறிது எஞ்சின் ஒயிலைத் தோய்த்து அந்த மூட்டில் தடவினான். ஒயில் உள்ளே இழுபட்டு ஓட்டையை அடைத்த அக்கணமே நடுக்கம் நின்றது. சில வினாடிகளில் மீண்டும் தொடங்கிற்று.

"பெற்றோல் தெளிச்சும் பார்க்கலாம் சேர். ஆனால் புகைக்குழாயும் இந்தப் பக்கந்தான். பத்திப்போடும்," என்றான்.

காபரேற்றரைக் கழற்றி அதன் முகத்தில் ஓர் இரும்பு அடிமட்டத்தை நிறுத்திக் காட்டினான். அடிமட்டத்துக்கும் உலோகத்துக்கும் இடையே, நடுவில், மயிரிழை போல வெளிச்சம் தெரிந்தது.

"இதை ஆர் சேர் இறுக்கினது?"

"நான்தான் தம்பி."

"இறுக்கினால் காத்துப் போகாதெண்டு நினைச்சிருப்பியள். இறுக்க இறுக்க ரெண்டு காதும் வளைஞ்சு போச்சு. அதாலதான் நடுவில வாய் திறந்திருக்கு."

கண்ணாடித் தகடொன்றின்மேல் மணற்கடதாசியை விரித்து, அந்த முகத்தை எட்டு என்ற இலக்கத்தின் வடிவில் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தினான். பக்கிங் கடதாசியை அதன்மீது வைத்துச் சிறு சுத்தியலால் விளிம்புகளில் தட்டிப் புதிய பக்கிங் ஒன்றை வெட்டியெடுத்தான். தடைக் காலத்தில் பக்கிங் கடதாசியும் கிடையாமல் பழைய அட்டைகளை இவ்வாறே தட்டி வெட்டியதாகக் கராஜ்க்காரர் சொன்னார். பின்னர் இரண்டு நட்டுகளையும் மாறி மாறி, சிறிது சிறிதாக, அளவோடு இறுக்கினான். இறுதியாக நான் திருகி வைத்திருந்த திருகாணிகளை எல்லாம் பழைய நிலைக்குத் திருப்பினான். எஞ்சின் உறங்கும் குழந்தைபோல மூச்சுவிட்டது.

அந்த முன்னிரவில் அவன் தன் கதையைச் சொன்னான். நான் கேட்டதாற் சொன்னான். முன்னர் நான் கேட்டதில்லை.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிற்று. அவன் குடும்பம் குத்தகை நிலத்தில் வெங்காயம் செய்தது. நீரிறைக்கும் இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடியது. கூலியாளை நிறுத்தினார்கள். விடியற்புறம் மூன்று மணிக்கு எழுந்து தண்ணீர் கட்டும் வேலை பதினைந்து வயதுச் சிறுவனின் தலையில் விழுந்தது. தோட்டத்திலிருந்து நேரே பாடசாலைக்கு வந்தவன் முதலாம் பாடத்திலேயே தூங்கினான். அது என் பாடம். நான் அவனை வெளியே நிற்கவைத்தேன். தேர்ச்சி அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். அவன் தாயாரை அழைத்து ரியூசனுக்கு அனுப்புமாறு சொன்னேன். அதுவும் பயன்படாதபோது, "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று அவன் எதிரிலேயே கூறினேன். அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. பதினாறு வயதுவரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என்பது 2016 முதல் இந்நாட்டின் விதி. அந்த விதியை அறிந்த நான், அவனைத் தேடி அவன் வீட்டுப் படலைவரை போனேனா? போகவில்லை. அவன் பெயரின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு கீறினேன்.

நண்பர்களே, நாம் நமது பாடசாலைகளை எவ்வாறு ஓட்டுகின்றோம்? பெறுபேறுகள் வந்ததும் சிறந்த சித்தி பெற்றோரின் படங்களை மதிலில் ஒட்டுகின்றோம். வல்லை வெளியில் விரைந்தோடும் காரைக் காட்டிப் பெருமைப்படுவது போன்றதே அது. நின்று தடுமாறும் பிள்ளைகளிடத்திலேதான் ஓட்டை தெரியும். அவர்களிடம் நாம் காது வைப்பதில்லை. பெறுபேறு குறைந்தால் மாலை வகுப்பு, சனி வகுப்பு, ரியூசன் என்று மேலும் பெற்றோலை ஊற்றுகின்றோம். அதன் விலையை ஏழைத் தாய்மார் செலுத்துகின்றனர். அதுவும் போதாதபோது நட்டை இறுக்குகின்றோம். அந்தச் சிறுவனின் உறக்கம் வகுப்பறைக்குள் உண்டானதன்று. சந்தை விலையிலிருந்தும் குத்தகை நிலத்திலிருந்தும் நமது கணக்கில் வராத வழியாக உள்ளே நுழைந்தது. 1945 முதல் நம் நாட்டிற் கல்வி இலவசம். பிள்ளையின் விடியற்காலம் இலவசமாக இல்லாதபோது அந்த இலவசம் யாரைச் சென்றடைகின்றது?

கைத்தொழிலின் மேன்மையைப் பாடிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. அவன் கராஜில் நல்ல தொழிலாளி ஆனான் என்பதால் பாடசாலை அவனுக்கு இழைத்த தவறு சரியாகிவிடாது. வள்ளுவர் 'கல்வி', 'கல்லாமை' என்னும் அதிகாரங்களை அடுத்துக் 'கேள்வி' என்னும் அதிகாரத்தை வைத்திருக்கின்றார். பல்கலைக்கழகத்தில் இந்த வைப்புமுறையைப் பற்றிப் பரீட்சைத்தாளில் அழகாக எழுதிப் புள்ளி பெற்றவன் நான். கேட்டறியும் கலையை எனக்குச் செய்து காட்டியவனோ, நான் கல்லாதவனென்று தள்ளிவைத்தவன்.

புறப்படும் வேளையில் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சேர், வெளியில இருந்து ஓ எல் சோதனை எடுக்கலாமோ?"

எடுக்கலாம். ஞாயிறு தோறும் இப்போது கராஜுக்குப் போகின்றேன். கணிதத்துக்கு ஒரு நண்பரும் வருகின்றார். பெற்றோலும் காற்றும் ஒன்றுக்குப் பதினைந்து என்ற விகிதத்திலிருந்து அவர் பாடத்தைத் தொடங்கினார். அவன் அவருக்கு முன்னே போய்விட்டான். தமிழ்க் கட்டுரையில் அவனுக்கு இன்னும் எழுத்துப்பிழை வருகின்றது. அதை நான் பார்த்துக்கொள்வேன்.

என் வகுப்புப் பதிவேட்டில் இந்தத் தவணை திங்கள் தோறும் வராத பெயர்கள் மூன்று இருக்கின்றன. இரண்டு வீடுகளுக்குப் போய் வந்துவிட்டேன். மூன்றாவது வீடு கடற்கரையோரம். நாளை மாலை போகவேண்டும்.