கை வைக்காத வைத்தியர்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்பே ஜீப்புகளின் உறுமல் கேட்கத் தொடங்கிவிடும். போடிமெட்டு ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் அவற்றுள் நெருங்கி அமர்ந்திருப்பர். ஏலம் கிளையில் காய்ப்பதன்று. செடியின் அடியில், மண்ணையொட்டி நீளும் தண்டில் காய்ப்பது. பறிப்பவர் பகலெல்லாம் குனிந்தோ குந்தியோ இருத்தல் வேண்டும். அந்தியில் மலையிறங்கும் இடுப்புகளுக்கு எண்ணெயும் நீவும் கையும் வேண்டியிருப்பதில் வியப்பில்லை.

அந்தக் கைத்திறனுக்குச் சித்த மருத்துவம் இட்ட பெயர் தொக்கணம். புற மருத்துவ முறைகள் 32இல் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அதனை ஒன்பதாக வகுத்தனர். (ஒன்பதும் தொழிற்பெயர்கள், இலக்கணம் படித்த கண் இதைத்தானே முதலில் பார்க்கும்!)

இதற்கு நெருங்கிய உறவு வர்மம். குமரி மாவட்டத்து ஆசான்கள் சிலம்பமும் அடிமுறையும் பயிற்றிய களத்திலேயே, அடிபட்டவனை மீட்கும் இளக்குமுறையையும் பயிற்றினர். வீழ்த்தும் கைக்கு எழுப்பவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அம்மரபு. ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் டாம் போவன் (1916–1982) கையாண்ட மென்தொடு முறைக்கும் விளையாட்டுக் களத்தோடு உறவுண்டு. சற்றே உருட்டித் தொட்டு, பின் கையை எடுத்து உடலைச் சும்மா விடுவது அவர் பெயரால் வழங்கும் முறை. அதன் பயனுக்குத் தெளிவான சான்றில்லை என்று 2015இல் அந்நாட்டு அரசின் ஆய்வு கூறியது.

நாமோ சான்று கேளாமலே நம்பியவர். சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவன் ஒருவன் கபடியில் கணுக்கால் மடங்கி விழுந்தான். மருத்துவமனைக்குப் போகலாம் என்றவனை, "நீவினால் போயிற்று" என்று மரபின் பெருமை பேசி, முதிய வைத்தியர் ஒருவரிடம் இட்டுச் சென்றோம். அவர் இரு விரலால் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தார். ஊன்றச் சொன்னார், அவனால் இயலவில்லை.

"இதுல நான் கை வைக்கக் கூடாது சார். மொதல்ல படம் எடுத்துட்டு வாங்க."

எலும்பில் விரிசல். நீவியிருந்தால் அது விலகியிருக்கும் என்று எலும்பு மருத்துவர் விளக்கியபோது நாம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மாவுக்கட்டுப் பிரித்தபின், மருத்துவரின் ஒப்புதலோடு மீண்டும் வைத்தியரிடம் சென்றோம். மலைக்கு வேலைக்குப் போகும் அவன் தாயும் அன்று உடன் வந்திருந்தார். இறுகிய கெண்டைக்காலில் இளஞ்சூட்டு எண்ணெயிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டும் கைபோல நீவி முடித்தவர், நிமிர்ந்து அந்தத் தாயைப் பார்த்தார்.

"எத்தன நாளா இப்பிடி ஒருச்சாய்ச்சு நிக்கிறீங்க தாயி?"

"காயெடுப்பு முடியட்டுங்கய்யா" என்று சொல்லிவிட்டு, மகனின் செருப்பை எடுத்து அவன் காலடியில் வைத்தார்.