சித்தப்பாவுக்கும் ஒரு கோப்பை

சென்ற மே மாதம் மீஞ்சூரில் எங்கள் இல்லத்தில் தம்பியின் புதுநன்மை விருந்து நடைபெற்றது. நாற்பது பேர். சமையல் பெரியவர்கள் பாடு. குளிர்ச்சியாக ஏதேனும் செய்து தரும் பொறுப்பு சகோதரிகளாகிய எங்கள் இருவருக்கும் வந்தது. கடையில் கலர் வாங்கினால் தீர்ந்தது என்பீர்கள். ஆனால் சித்தப்பா வருகிறாரே! அவர் குடியை விட்டு அப்போது ஏழு மாதம். விருந்து வீட்டில் மற்றவர் கையில் கோப்பை இருக்கும்போது வெறுங்கையோடு நிற்பதுதான் கஷ்டம் என்று அவர் அம்மாவிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்திருந்தது. ஆகவே எல்லார் கையிலும் ஒரே பானம் என்று தீர்மானித்தோம்.

பன்னீர் திராட்சை வாங்கினோம். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பர். கம்பத்தில் விளைவதற்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாட்டி கிறிஸ்துமஸுக்குச் செய்த நினைவில், ஒரு கிலோ பழத்தைப் பிசைந்து சர்க்கரை சேர்த்து ஜாடியில் மூடி வைத்தோம். மூன்றாம் நாள் திறந்தால் ஒரே நுரை! அந்நேரம் பார்த்துச் சித்தப்பா உள்ளே வந்தார். வாசனை அவருக்கு எட்டிவிட்டது. "அப்புறம் வரேம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஜாடியைக் கொல்லையில் கவிழ்த்தோம். அன்றிரவு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அறிவியல் சிஸ்டரிடம் ஓடினோம். திராட்சைத் தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறது, சூடும் சர்க்கரையும் கிடைத்தால் அது சாராயம் ஆக்கிவிடும், கொதிக்கவைத்தால் மடிந்துபோகும் என்றார். அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர் 1869இல் பாஸ்ச்சரின் வழியைப் பின்பற்றித் திராட்சை ரசத்தைச் சூடாக்கிப் புட்டியில் அடைத்தாராம். அதுவும் தம் கோவிலில் மதுவுக்குப் பதிலாக வைக்கத்தான்!

இம்முறை நான்கு கிலோ பழத்தை நான்கு லிட்டர் நீரில் தோல் வெடிக்கும்வரை கொதிக்கவிட்டு, மசித்து, மெல்லிய துணியில் வடிகட்டினோம். ஒன்றரைக் கிலோ சர்க்கரை, தட்டிய இஞ்சி, ஏலக்காய் சேர்த்து இன்னொரு கொதி. ஆறியபின் இரண்டு அன்னாசியின் சாறும் பன்னிரண்டு எலுமிச்சம்பழச் சாறும். எலுமிச்சையைச் சூட்டில் பிழிந்தால் கசக்கும், மறந்துவிடாதீர்கள்.

தண்ணீர் மட்டும் கேன் தண்ணீர். எங்கள் ஊர் நிலத்தடியில் கடல் நீர் புகுந்ததை 1969லேயே கண்டறிந்துவிட்டார்கள். பக்கத்துக் காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை உண்டு. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர், சென்னைக்கு! இவ்வளவும் தெரிந்தும் ஐஸ் கட்டிக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தாள் தங்கை. ஒரு துண்டு போட்டுக் குடித்துப் பார்த்தோம்; உப்பு! நல்லவேளை, விருந்துக்கு முந்தைய நாளே தெரிந்தது.

விழாவன்று சித்தப்பா கோப்பையை வாங்கிச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார். "கொதிக்க வெச்சது சித்தப்பா, ரெண்டு தடவை" என்றோம். சிரித்துவிட்டார். இரண்டு கோப்பை குடித்தார். புறப்படும்போது மிச்சத்தைப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தோம். மூடியைத் திறந்து ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் பைக்குள் வைத்தார்.