அன்னக்கிளி வந்த வருசம்

1976இல் எனக்கு ஒன்பது வயது. எங்கள் லயத்தில் ரேடியோ இருந்தது சித்தப்பா வீட்டில் மட்டும்தான். குரல் கம்மத் தொடங்கினால் சித்தப்பா பெட்டரிகளைக் கழற்றி இஸ்தோப்பில் வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைப்பார். மஸ்கெலியாவில் ஆனி, ஆடியில் வெயிலுக்கு எங்கே போவது? அந்த மாதங்களில் சித்திதான் அடுப்புமேட்டில் வைத்துச் சூடு காட்டுவாள்.

பஞ்சம் கொஞ்சம் தணிந்திருந்த காலம். முந்தின வருசம்தான் தோட்டங்களை அரசாங்கம் எடுத்திருந்தது. வெள்ளைக்காரத் துரை போய்விட்டார். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் சத்தம் மட்டும் குறையவில்லை.

ஆடி மழையில் ஒருநாள், கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் நனைந்த படங்கோடு வந்து நின்ற நேரம், இலங்கை வானொலியில் எஸ். ஜானகி மச்சானைத் தேடிப் பாடுகிற அந்தப் பாட்டு வந்தது. அதுவரை எங்கள் பெடியன்கள் வாயில் 'பாபி' படத்து இந்திப் பாட்டுத்தான். பொருள் தெரியாமலே பாடுவார்கள். இது தெரிந்த பாட்டு மாதிரி இருந்தது. அப்பாயி கூடையை இறக்காமலே நின்று கேட்டாள். "இத யாரு புள்ள ரேடியோவுல விட்டது? எங்க ஆத்தா பாடுற ராகமுல்ல இது!" என்றாள்.

அப்பாயி துறையூர்ப் பக்கத்திலிருந்து சின்னப்பிள்ளையாக வந்தவள். மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போது அவள் ஒரு அடி எடுத்தால் அடுத்த நிரையிலிருந்து பதில் வரும். காமன் கூத்தில் ரதி அழுகிற பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவை மலைக்கும் லயத்துக்கும் உரியவை, ரேடியோவுக்கு உரியவை வேறே என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். அப்படி யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தராமலே அந்த நினைப்பு எங்களுக்குள் இருந்தது.

'அன்னக்கிளி'யின் மற்றப் பாட்டுகளும் ஒவ்வொன்றாக வந்தன. நெல் குத்துகிற பாட்டு வந்த அன்றைக்கு நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் மலையில் நெல் ஏது? அரிசியும் மாவும் கூப்பனுக்கு வருகிறவை. நான் உலக்கையைக் கண்டதே மாவிடிக்கத்தான். அப்பாயி எழுந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுங்கையை உயர்த்தி இறக்கினாள். "எதிர்ல ஒருத்தி வேணும்டி" என்று சித்தியை இழுத்து நிறுத்தினாள். ஒருத்தி கை இறங்கும்போது மற்றவள் கை ஏற வேண்டும், மூச்சை எங்கே விட வேண்டும், உலக்கை கை மாறும்போது இடுப்பு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று பாட்டு ஓட ஓடக் காட்டினாள். சித்தி இரண்டு தடவை தடுமாறினாள், பிறகு பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் காம்பராப் பெண்கள் வாசலில் குவிந்து குலவையிட்டார்கள். எங்கள் அப்பாயி நெல்வயல் ஊரில் பிறந்தவள் என்பதை நான் கண்ணால் கண்டது அன்றுதான்.

இசை இளையராஜா என்று அறிவிப்பாளர் சொல்லும் பெயர் யாருக்கும் தெரியாத பெயர். அதுதான் அவருக்கு முதல் படம். ராஜா என்றிருந்தவருக்கு அந்தப் பெயரை வைத்தவர், அந்தப் பாட்டுகளை எழுதிய பஞ்சு அருணாசலம். இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர், அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகத் திரிந்தவர் என்பதையெல்லாம் நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். படித்தபோது அட்டன்தான் நினைவுக்கு வந்தது. 1930களில் கோ. நடேசய்யர் தொழிற்சங்க மேடையில் பேசுமுன் அவர் மனைவி மீனாட்சியம்மாள் தாமே கட்டிய பாட்டுகளைப் பாடுவார். 1940இல் அவை புத்தகமாகவும் வந்தன. தாத்தா அந்தக் குரலை நேரில் கேட்டவர். சங்கம் எங்களுக்குப் பாட்டாகத்தான் முதலில் வந்தது என்பார். மீனாட்சியம்மாளை மலையகம் இன்னும் உரக்கக் கொண்டாட வேண்டும் என்பது என் ஆசை.

அன்னக்கிளி வந்த வருசக் கடைசியில் சித்தப்பாவுக்குப் பாஸ்போர்ட் வந்தது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கென்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் அவர்களும் சேர்த்தி. எங்கள் அப்பா பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டவர், தம்பி இந்தியாவுக்கு. அட்டன் ஸ்டேசனில் அந்தக் கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். தலைமன்னார் வரை அழுதுகொண்டே போய், அங்கே இராமானுஜம் கப்பல் ஏற வேண்டும். கோச்சி நகர்ந்ததும் அப்பாயி மாரில் அடித்துக்கொண்டு பாடிய ஒப்பாரியை நான் இங்கே எழுத மாட்டேன்.

ரேடியோவைச் சித்தப்பா அப்பாயிக்கே விட்டுப் போனார்.

கொத்தகிரிப் பக்கமிருந்து சித்தியின் கடிதம் வந்தது. தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசாங்கம் போட்ட தேயிலைத் தோட்டத்தில் வேலை. மறுபடியும் கூடை, மறுபடியும் கொழுந்து. படத்தையும் பார்த்துவிட்டாளாம், சுஜாதாவுக்காக அழுதாளாம். இலங்கை வானொலி அங்கேயும் நன்றாகக் கேட்கிறது, நெல் குத்துற பாட்டைக் கேட்டு நேயர் விருப்பத்துக்கு எழுதப்போகிறேன், உங்க எல்லார் பேரையும் போடுகிறேன், தவறாமல் ரேடியோவைத் திருப்பி வையுங்கள் என்று எழுதியிருந்தாள்.

பதில் எழுத என்னைத்தான் உட்காரவைத்தார்கள். பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்த அப்பாயி, செத்துப்போன தாத்தா பேரையும் சேர்க்கச் சொன்னாள். "அவரும் கேக்கட்டும், எழுது புள்ள."